டூரிங் ஹார்லிக்கு எந்த கேம்ஷாஃப்ட்: டார்க் கேமா, ஹை லிஃப்ட் கேமா?

2007–2011 ஹார்லி டூரிங் வண்டிகளின் ட்வின் கேம் 96 எஞ்சினில் கேம்ஷாஃப்டை (வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் தண்டு, சுருக்கமாக கேம்) மாற்ற நினைப்பவர்கள் முதலில் லிஃப்ட் எண்ணைத்தான், அதாவது வால்வு எவ்வளவு உயரம் திறக்கிறது என்பதைத்தான், பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது, இன்டேக் வால்வு (காற்று-பெட்ரோல் கலவையை உள்ளே விடும் வால்வு) மூடும் கோணம்.

மூடும் நேரம்
டார்க் கேம் (torque, குறைந்த வேக இழுவைக்கானது): பிஸ்டன் அடிமட்டத்தைத் தாண்டி சுமார் 30–35 டிகிரியில் மூடும். 2000–3500 ஆர்பிஎம்மில் இழுவை நன்றாக இருக்கும். இருவரும் பெட்டிகளுமாக மலையேற இதுதான் தேவை.
ஹை லிஃப்ட் (வால்வை அதிக உயரம் திறக்கும் கேம்): 45 டிகிரிக்கும் மேல். குறைந்த வேகத்தில் உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதி திரும்பி வெளியேறும். ஸ்டாக் (கம்பெனியிலிருந்து வந்தபடியான) 9.2:1 கம்ப்ரஷனில் குறைந்த ஆர்பிஎம்மில் மந்தம். 10:1 பக்கம் ஏற்றினால்தான் உயிர் வரும்.

செலவு
டார்க்: 0.510 அங்குல லிஃப்ட் வரை பொதுவாக ஸ்டாக் வால்வு ஸ்பிரிங் போதும்.
ஹை லிஃப்ட்: ஸ்பிரிங், பெரும்பாலும் ஹெட் (வால்வுகள் இருக்கும் சிலிண்டரின் மேல்பகுதி) வேலையும் சேரும். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் குறைந்தது 0.080 அங்குல இடைவெளி இருக்கிறதா என்று பிஸ்டன் மேல் களிமண் வைத்து அளக்காமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். மோதினால் வால்வு வளையும்.

தொல்லை
டார்க்: சிலிண்டர் அழுத்தம் கூடுவதால், மட்டமான பெட்ரோலில் வெயில் நேரத்தில் நாக்கிங் (கலவை தானாக வெடித்து எஞ்சின் தட்டும் சத்தம்) வரும்.
ஹை லிஃப்ட்: கடினமான ஸ்பிரிங்கால் லிஃப்டர், புஷ்ராடு (கேமின் அசைவை வால்வுக்குக் கொண்டு போகும் பாகங்கள்) சீக்கிரம் தேயும்.

எதுவானாலும் உள் கேம் பேரிங்கைப் புதிதாகப் போடுங்கள், ஈசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ட்யூன் செய்யுங்கள். அட்ஜஸ்டபிள் (நீளம் மாற்றக்கூடிய) புஷ்ராடு வாங்கினால் ராக்கர் பாக்ஸை (ஹெட்டின் மேல் இருக்கும் மூடி) கழற்றத் தேவையில்லை.

சுமையோடு நெடுந்தூரம் ஓடுபவருக்கு டார்க் கேம். தனியாக, 4000 ஆர்பிஎம்முக்கு மேல் முறுக்கி ஓட்டுபவர், ஹெட்டையும் பிஸ்டனையும் சேர்த்து மாற்றுவதாக இருந்தால் மட்டும் ஹை லிஃப்ட்.