ஜீயஸை எந்தப் புத்தகத்தில் காட்டுவது?

கிரேக்கப் புராணத்தைப் பிள்ளைகளுக்கு எந்தப் படப் புத்தகத்தில் ஆரம்பிக்கலாம் என்றால் எல்லோரும் படம் எப்படி என்றுதான் கேட்கிறார்கள். நான் முதலில் புரட்டிப் பார்ப்பது இரண்டே இடம். ஜீயஸின் அப்பா க்ரோனஸ் தான் பெற்ற பிள்ளைகளை விழுங்குகிற இடம், தெய்வங்களின் ராஜா ஜீயஸ் மனைவி ஹீராவை ஏமாற்றிவிட்டு ஊர் சுற்றுகிற இடம். அதை எப்படிச் சொல்கிறார்கள் என்பதிலேயே புத்தகத்தின் லட்சணம் தெரிந்துவிடும்.

அமெரிக்க எழுத்தாளர் நத்தானியல் ஹாதார்ன் 1851-இல் எழுதிய 'எ வொண்டர் புக்'கில் அந்த இரண்டுமே கிடையாது. மொத்தம் ஆறு கதை, எல்லாம் நன்றாகத் துவைத்துக் காயப்போட்டவை. தெய்வங்களின் தூதன் ஹெர்மீஸ்கூட அதில் குவிக்சில்வர் என்கிற குறும்புக்காரப் பையன்தான். தொட்டதெல்லாம் பொன்னாகும் ராஜா மிடாஸ் தொட்டுத் தங்கமாகிப் போகும் மகள் இருக்கிறாளே, அவள் பழைய ரோமானியக் கவிஞர் ஓவிட் சொன்ன கதையில் இல்லை, ஹாதார்ன் சேர்த்தவள். 1922 பதிப்புக்கு ஆர்தர் ராக்கம் வரைந்த படங்கள் அழகோ அழகு, இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கும். ஆனால் வாக்கியங்கள் நீளமோ நீளம், என் மகள் இரண்டாம் பக்கத்தில் தூங்கிவிட்டாள்.

சரி, உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். ஒன்று, இங்ரி, எட்கர் டோலேர் தம்பதி எழுதி வரைந்து 1962-இல் வந்த பெரிய புத்தகம். இன்னொன்று, ஜார்ஜ் ஓ'கானரின் 'ஒலிம்பியன்ஸ்' காமிக்ஸ், 2010 முதல் 2022 வரை பன்னிரண்டு தொகுதிகள்.

டோலேர் தம்பதி எதையும் ஒளிப்பதில்லை, பயமுறுத்துவதும் இல்லை. தன் முதல் மனைவி மெட்டிஸை ஈயாக மாறச் சொல்லி ஜீயஸ் விழுங்கிவிடுகிறான், அவள் அவன் தலைக்குள் உட்கார்ந்து பிறக்கப்போகும் மகளுக்குத் தலைக்கவசம் அடிக்கிறாள், அந்த 'டங் டங்'தான் அவனுக்குத் தலைவலி. இதை நான் வாசித்துத் தமிழில் சொன்னபோது ஏழு வயது மகள் கேட்டது, "அப்பா, அவ எப்ப வெளிய வருவா?" வருவது ஏதீனாதான், அம்மா உள்ளேயே இருந்துவிடுகிறாள் என்றதும் முகம் வாடிவிட்டது. இப்படி நின்று பேச அந்தப் பெரிய பக்கங்கள் இடம் தருகின்றன. கலரும் கறுப்பு வெள்ளையும் மாறி மாறி வரும் பென்சில் படங்கள் இன்றைய பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பழசாகத் தெரியலாம்.

ஓ'கானர் நேர் எதிர். முந்தைய தலைமுறைத் தெய்வங்களான டைட்டன்களோடு நடக்கும் சண்டை சூப்பர் ஹீரோ காமிக்ஸ் வேகத்தில் போகும், பிள்ளை தானாகவே ஒரே மூச்சில் முடித்துவிடும், நடுவில் கேள்வியே வராது. எனக்கு அதுதான் குறை, பத்து வயதுக்காரர்களுக்கு அதுவே வசதி. ஒவ்வொரு தொகுதியிலும் தெய்வங்களின் வம்ச மரம் இருக்கிறது, யார் யாருக்கு என்ன உறவு என்று குழம்பும் பெரியவர்களுக்கும் உதவும். பன்னிரண்டையும் வாங்கினால் பர்ஸ் காலி.

அதனால் ஆறேழு வயதில் மடியில் வைத்துச் சொல்ல டோலேர், ஒன்பது பத்தில் தனியாகப் படிக்க ஓ'கானர். அதிலும் ஒன்றே ஒன்று வாங்குவதானால் பாதாள தெய்வத்தின் பேரில் வந்த 'ஹேடீஸ்' வாங்குங்கள், அவன் கவர்ந்துபோன பெர்செஃபனியும் அவள் அம்மாவும் முட்டிக்கொள்ளும் கதை அதில்தான் இருக்கிறது. 'ஹீரா' பேரைப் பார்த்து வாங்கினால் உள்ளே நிறைய வீரன் ஹெராக்ளிஸ்தான், சொல்லிவிட்டேன்.