வட்டிலப்பத்தை விடுவதா, தேநீர்ச் சீனியை விடுவதா?

எங்கள் மட்டக்களப்பு அலுவலகத்தில் நான்கு பேர் ஒரே மாதத்தில் மெலியப் புறப்பட்டோம். எந்தச் சுகாதாரப் பிரசாரமும் இதற்குக் காரணமில்லை. எல்லோருக்குமாகச் சேர்த்துச் செய்த ஓர் இரத்தப் பரிசோதனைதான். நால்வருக்கும் குறை ஒன்றே. பின்னேரம் மூன்றரை மணியானால் வாய் எதையாவது இனிப்பாகக் கேட்கும். தேடிய மருந்துதான் வேறு வேறு. கணக்குப் பகுதி அண்ணன் இனிப்பை அடியோடு விட்டார். களுவாஞ்சிகுடியிலிருந்து பஸ்ஸில் வரும் அக்கா சீனியைக் கைவிட்டுக் கருப்பட்டிக்கு மாறினார். காத்தான்குடி நண்பர் சீனிக்குப் பதிலான வில்லைகளை வாங்கினார். நான் அளவோடு சாப்பிடுவது என்று முடிவெடுத்தேன்.

எட்டு மாதமாகிறது. யார் எத்தனை கிலோ குறைந்தோம் என்று இங்கே சொல்லப்போவதில்லை. நாலு பேரின் எடையை வைத்து யாருக்கும் விதி எழுத முடியாது. எந்த வழி எங்கே பிடித்தது, எங்கே வழுக்கியது என்பதைச் சொல்லலாம். என்னிடம் இருந்த அளவுகோல்கள் இரண்டு. ஒன்று, உடலுக்குள் போகும் சீனி உண்மையிலேயே குறைகிறதா? மற்றது, அந்த வழி பிறர் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்த பிறகும் தாக்குப்பிடிக்குமா? நம் பக்கத்தில் இரண்டாவதுதான் கடினமான பரீட்சை.

கருப்பட்டிக் கணக்கு

அக்காவின் வழியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதைத்தான் ஊரில் பாதிப்பேர் நம்புகிறார்கள். சீனி கெடுதல், கித்துள் (கூந்தற்பனை) கருப்பட்டியும் பனங்கட்டியும் நல்லவை, ஆகவே அவற்றை எவ்வளவு தின்றாலும் உடம்பு ஏறாது என்பது அந்த நம்பிக்கை. நூறு கிராம் வெள்ளைச் சீனியில் ஏறக்குறைய 390 கலோரி இருக்கிறது. நூறு கிராம் கருப்பட்டியில் 380 அளவில். வித்தியாசம் ஒரு வாய்க்கும் காணாது. கருப்பட்டியில் இரும்பும் பொட்டாசியமும் உண்டு என்பது மெய்தான். ஆனால் அவை உடம்புக்குக் கணிசமாகக் கிடைக்கும் அளவுக்குக் கருப்பட்டி தின்றால் இரும்புக்கு முன்னே தொப்பை வந்துவிடும். கித்துள் பாணி இன்னும் மோசம். மலைநாட்டிலிருந்தும் சப்ரகமுவவிலிருந்தும் வரும் போத்தலில் எவ்வளவு கித்துள், எவ்வளவு சீனிப்பாகு என்பது ஊற்றியவருக்குத்தான் வெளிச்சம்.

நல்லதென்ற பெயர் வந்ததும் கை தாராளமாகிவிடுகிறது என்பதே இதில் பெரிய ஆபத்து. அக்கா தயிரின்மேல் பாணியை ஊற்றும்போது நான் பார்த்திருக்கிறேன். சீனியென்றால் ஒரு கரண்டியோடு நின்றிருப்பார்.

ஆனாலும் கருப்பட்டியிடம் ஒரு நல்ல குணம் இருக்கிறது, அதை அவரிடமிருந்தே கற்றுக்கொண்டேன். தேநீருக்குள் போடாமல், நகமளவு துண்டொன்றைக் கையில் வைத்துக் கடித்துக் கடித்து வெறுந்தேநீர் குடிப்பது. பழைய ஆட்களின் பழக்கம். ஐந்து கிராம் துண்டு ஒரு கோப்பை முழுவதற்கும் வரும். அந்த நன்மை குடிக்கும் முறையில் இருக்கிறது. கருப்பட்டிக்கு அதில் தனிப் பெருமை ஒன்றுமில்லை. சீனிக்கட்டியைக் கடித்தாலும் அதே பலன்தான்.

வில்லையும் போத்தலும்

காத்தான்குடி நண்பரின் சுக்ரலோஸ் வில்லை கணக்கில் வெல்கிறது. சீனியைவிட அறுநூறு மடங்கு இனிப்பு, கலோரி இல்லையென்றே சொல்லலாம். முதல் இரண்டு மாதம் அவருக்கு நன்றாகவே போனது. பிறகு ஒன்றைக் கவனித்தோம். இனிப்பு மிச்சம் பிடித்தேன் என்ற தைரியத்தில் அவர் தேநீரோடு ஒரு கேக் துண்டையும் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார். நாவுக்கு இனிப்பின் பழக்கம் விடவே இல்லை. அதன் விலாசம் மட்டும் மாறியிருந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டலும் எடையைக் கட்டுப்படுத்துவதற்காக இத்தகைய இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றே பரிந்துரைக்கிறது. நீண்டகாலத்தில் கொழுப்பைக் குறைக்க அவை உதவுவதாகத் தெரியவில்லை என்பது காரணம். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. அவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்பதே சரி.

வில்லை வாங்காதவர்கள் கடைப் போத்தலில் ஏமாறுகிறார்கள். 2016 முதல் இலங்கையில் இனிப்புப் பானங்களுக்கு நிறக் குறியீடு இருக்கிறது. நூறு மில்லிலீற்றருக்குப் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2-க்குக் கீழே பச்சை. மஞ்சளைக் கண்டதும் பரவாயில்லை என்று தோன்றும். எட்டுக் கிராம் என்று போட்டிருக்கும் 400 மில்லிலீற்றர் போத்தலைக் குடித்து முடித்தால் 32 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டிக்கு மேல். யாரும் நூறு மில்லிலீற்றரோடு போத்தலை மூடிவைப்பதில்லை.

விரதமா, பங்கா?

உண்மையான போட்டி அண்ணனின் வழிக்கும் என் வழிக்கும் இடையில்தான் நடந்தது.

அடியோடு விடுவதில் ஒரு பெரிய வசதி உண்டு. நாளுக்கு நூறு தடவை முடிவெடுக்க வேண்டியதில்லை. யாராவது மஸ்கட் நீட்டினால் "நான் இனிப்பு விட்டுவிட்டேன்" என்ற ஒரே வாக்கியம் போதும். என்னைப் போன்றவனுக்கு ஒவ்வொரு தட்டும் ஒரு பேரம். பாதி எடுக்கலாமா, நேற்று எடுக்கவில்லையே, நாளைக்கு விட்டுவிடலாமே. மூன்று வாரத்தில் நான் களைத்துப்போனேன். அண்ணன் தெம்பாக இருந்தார்.

ஐந்தாவது வாரம் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிச் சடங்கு வந்தது. குளிர்த்திப் பொங்கலை வேண்டாமென்று எந்த வாயால் சொல்வது? அண்ணன் கையேந்தி வாங்கினார், வீட்டுக்குப் போய் இன்னும் கொஞ்சம் எடுத்தார். விரதம் முறிந்ததுதான் முறிந்தது என்று அடுத்த நான்கு நாளும் லட்டு, தொதல், ஐஸ்கிறீம் என்று ஒரு சுற்று முடித்தார். முழுத்தடையின் பலவீனம் இது. ஒரு சிறு கீறல் விழுந்தாலும் பானை முழுவதும் போய்விட்டதாக மனம் தீர்ப்பெழுதிவிடும்.

இதைக் கண்டு நான் மகிழ்ந்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். அந்த மகிழ்ச்சி அதிக நாள் நிலைக்கவில்லை. விசேடத்துக்கு மட்டும் இனிப்பு என்பது என் விதி. நாட்காட்டியை எடுத்துப் பார்த்தபோதுதான் அகப்பட்டுக்கொண்டேன். தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, வைகாசிச் சடங்கு, மாமாங்கத்து ஆடி அமாவாசை, நவராத்திரி, தீபாவளி, நத்தார், இரண்டு பெருநாள். நடுவிலே பிறந்தநாள்களும் புதுமனைப் புகுவிழாக்களும். மூன்று சமயத்தாரும் அடுத்தடுத்த தெருவில் வாழும் ஊரில் விசேடமில்லாத வாரத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆகவே நாளை வைத்து அளவுபோடுவதை விட்டுவிட்டு இடத்தை வைத்துப் போட்டேன். பிறர் வீட்டில், அவர்கள் கையால் தந்தால், ஒரு துண்டு. என் வீட்டுக்குள் இனிப்புப் பொட்டலம் வராது. "பிள்ளைகளுக்குக் கொண்டுபோங்கள்" என்று கட்டித் தருவதை மறுப்பது கொஞ்சம் சங்கடம். அதைப் பக்கத்து வீட்டுப் படலையில் இறக்கிவிட்டு வரப் பழகிக்கொண்டேன். அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "இன்னும் ஒரு துண்டு எடு மனே" என்று சொல்வதற்கு வீட்டில் ஒன்றுமில்லாமல் போய்விட்டது.

இவ்வளவு போராட்டத்துக்கும் நடுவில் நாங்கள் இருவரும் ஒன்றைக் காணாமலே விட்டிருந்தோம். அண்ணன் இனிப்பு விட்டாரே தவிர, தேநீரை இனிப்பாக அவர் எண்ணியதே இல்லை. காலையில் ஒன்று, அலுவலகத்தில் மூன்று, வீடு திரும்பியதும் ஒன்று. கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி. ஒரு தேக்கரண்டி ஐந்து கிராம் என்று வைத்தால் ஐம்பது கிராம் சீனி, 200 கலோரி. தினம் 2,000 கலோரி உண்பவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேல் எல்லை ஐம்பது கிராம்தான். அதிலும் பாதியாகக் குறைப்பது இன்னும் நல்லது என்கிறது. அண்ணனின் அனுமதி முழுவதும் தேநீரிலேயே தீர்ந்துவிடுகிறது. டின்பால் ஊற்றிய தேநீரென்றால் கணக்கு இன்னும் ஏறும். அந்தப் பாலில் ஏறக்குறையப் பாதி சீனிதான்.

வட்டிலப்பத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். தேங்காய்ப்பால், முட்டை, கருப்பட்டி. கலோரிக்குக் குறைவே இல்லாத பண்டம். ஆனால் எனக்கு அது வருடத்தில் நாலைந்து தரம் கிடைக்கிறது. தேநீரோ வருடத்தில் ஆயிரத்தெண்ணூறு கோப்பை. எங்கள் ஆசையெல்லாம் முன்னதன்மேல், எங்கள் கொழுப்பெல்லாம் பின்னதிலிருந்து. தேநீர்ச் சீனியைக் குறைப்பதும் அவ்வளவு பெரிய தவமில்லை. இரண்டு வாரத்துக்கு அரைத் தேக்கரண்டி வீதம் குறைத்தால் நாவு முறைப்பாடு செய்யாது. நான் இரண்டிலிருந்து அரைக்கு வந்துவிட்டேன். இஞ்சி தட்டிப்போட்ட நாளில் அதுவும் வேண்டியிருக்காது. இப்போது கடையில் தரும் தேநீர் பாகுபோல இருக்கிறது.

மூன்றரை மணிக்கு என்ன செய்வது?

பழத்துக்கு மாறுவது எல்லோரும் சொல்லும் யோசனை. பழத்துக்குப் பழம் வித்தியாசம் உண்டு. பப்பாசி நூறு கிராமில் 43 கலோரி, வாழைப்பழத்தில் 90 அளவில், பேரீச்சம்பழத்தில் 280. கொய்யாவில் நார் அதிகம், மென்று தின்ன நேரம் பிடிக்கும். என் வாக்கு அதற்குத்தான். பழச்சாற்றுக்கு வாக்கில்லை. நாரை வடித்துவிட்டுச் சீனியைச் சேர்த்த பிறகு அதற்கும் போத்தலுக்கும் என்ன பேதம்?

படுவான்கரையிலிருந்து சட்டியில் வரும் எருமைத் தயிர் கொழுப்பு மிகுந்தது, ஆனால் பாணி ஊற்றாமல் அரைக்கோப்பை உண்டால் பசியை நன்றாகக் கட்டிப்போடுகிறது. அதன்மேல் வாழைப்பழத்தை வட்டமாக அரிந்து போட்டால் இனிப்பும் வந்துவிடும். இனிப்பில்லாததுதானே என்று கஜு கொறிப்பவர்கள் மட்டும் கவனம்: நூறு கிராமில் 550 கலோரிக்கு மேல். நம் ஊர்க் கஜு என்ற பாசத்தில் நானும் ஒரு மாதம் கெட்டேன்.

இதைவிடப் பயன் தந்தது, மத்தியானத்துக்கு முந்திய சாப்பாட்டை மாற்றியது. சீனியும் வாழைப்பழமும் பிசைந்த புட்டோடு அலுவலகம் வந்த நாள்களில் பின்னேரத்து ஆசை பேயாய் ஆட்டும். அவித்த பயறோ கடலையோ முட்டையோ சேர்ந்த நாள்களில் அது வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டுப் போய்விடும். இரவு தூங்காத மறுநாள் எதுவும் பலிப்பதில்லை.

நடையும் உண்டு. பதினைந்து நிமிட நடை சொக்கலேற் ஆசையைக் குறைப்பதாக இங்கிலாந்தின் எக்ஸிற்றர் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து சொன்னார்கள். கல்லடிப் பாலத்தை ஒருதரம் கடந்து திரும்பினால் அந்த நேரம் கழியும். பாலத்து முனையில் ஐஸ்கிறீம் வண்டி நிற்காத நாளாகப் பார்த்துப் போக வேண்டும்.

கசப்பிலை

கடைசியாக, மற்ற மூவரும் சிரித்த வழி. சிறுகுறிஞ்சா. சர்க்கரைக்கொல்லி என்றும் சொல்வார்கள். இதன் இலையை நன்றாக மென்று நாவில் புரட்டிவிட்டுச் சீனியை வாயில் போட்டால் மணலைப் போட்டதுபோல் இருக்கும். இலையிலுள்ள ஜிம்னெமிக் அமிலங்கள் நாவின் இனிப்பு உணரும் இடங்களை அடைத்துவிடுகின்றன. உப்பும் புளிப்பும் வழமைபோல் தெரியும். அரை மணி நேரமளவில் நாவு பழையபடி திரும்பும். குறிஞ்சா என்ற பெயரில் விற்கும் இலையெல்லாம் இந்த வேலையைச் செய்வதில்லை. மென்று பார்த்தால் தெரிந்துவிடும். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடர்ந்து தின்னக் கூடாது; சீனி மட்டம் அளவுக்கு மீறி இறங்கக்கூடும்.

எனக்கு ஆசையின் உச்சி அரை மணி நேரத்தைத் தாண்டுவதில்லை என்பதால் கணக்குச் சரியாகப் பொருந்துகிறது. மேசை இழுப்பறையில் இரண்டு இலை வைத்திருக்கிறேன். அலுவலகத்தில் யாரோ பதவி உயர்வுக்குப் பகிர்ந்த லட்டை இதை மென்றுவிட்டுக் கடித்தேன். நெய் தோய்ந்த கடலைமா உருண்டையாக இருந்தது, மீதியைக் காகத்துக்குப் போட்டேன்.

நோன்புப் பெருநாளன்று காத்தான்குடி நண்பரின் வீட்டுக்குப் போகும்போது அண்ணன் இரண்டு இலை கேட்டார். நான் கொடுக்கவில்லை. நண்பரின் உம்மா விடியற்காலையில் எழுந்து அவித்த வட்டிலப்பம் அது. நாங்கள் ஆளுக்கு ஒரு துண்டு எடுத்தோம். தேநீர் வந்தது, அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு, சீனி வேண்டாம் என்றார்.