ஆன்சிஸ் பாலிஃப்ளோ: எக்ஸ்ட்ரூஷன் டை வடிவமைப்பில் எதுவரை நம்பலாம்

உருகிய பிளாஸ்டிக்கைத் துளை வழியே தள்ளி நீளமான பொருளாக்குவது எக்ஸ்ட்ரூஷன்; அந்தத் துளையுள்ள அச்சு டை. சட்டம் போன்ற சிக்கலான குறுக்குவெட்டுக்கான புரொஃபைல் டையில் பெரும்பகுதி நேரம் திருத்தத்துக்கே போகிறது. ஓட்டிப் பார்த்து, கழற்றி, லேண்டை (டை வாய்க்குச் சற்று முந்தைய நேர்ப்பகுதி) ராவி, மறுபடி ஓட்ட வேண்டும். ஓட்டத்தைக் கணினியில் கணிக்கும் மென்பொருளான பாலிஃப்ளோ இந்தச் சுற்றுகளைக் குறைக்கிறது. அதன் பெரிய பலம் தலைகீழ்க் கணக்கு: வெளிவர வேண்டிய பொருளின் வடிவத்தைக் கொடுத்தால் டை வாயின் வடிவத்தைத் தருகிறது. சதுரக் கம்பி வேண்டுமென்றால் டை வாய் சதுரமாக இருந்தால் ஆகாது. பக்கங்களின் நடுவில் மெல்ட் (உருகிய பிளாஸ்டிக்) வேகமாகப் பாய்ந்து, வாயைவிட்டு வந்ததும் அதிகம் ஊதும். ஆகவே பக்கங்கள் உள்வாங்கி, மூலைகள் நீண்டிருக்க வேண்டும். எவ்வளவு என்பதைக் கண்மதிப்பால் சொல்வது கடினம்.

ஓட்டத்தைச் சமன்செய்வதில்தான் இது தயங்காமல் நம்பத்தக்கது. பவர் லா எண் (வேகம் கூடும்போது மெல்ட் எவ்வளவு இளகும் என்பதைக் காட்டும் எண்; 1-க்குக் கீழே குறையக் குறைய அதிகம் இளகும்) 0.4 உள்ள மெல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2 மி.மீ. சுவருக்கும் 3 மி.மீ. சுவருக்கும் லேண்ட் நீளம் ஒன்றே என்றால் தடித்த பக்கம் ஏறக்குறைய 4 மடங்கு வேகத்தில் வெளியேறும்; புரொஃபைல் வளையும், மெல்லிய பக்கம் கிழியும். வேகம் ஒத்துவர, தடித்த பக்கத்து லேண்ட் சுமார் 1.76 மடங்கு நீளமாக வேண்டும். இதுவரை கைக்கணக்கே போதும். ஆனால் இரண்டு சுவர்கள் சேரும் முனையில் குறுக்கு ஓட்டம் வந்துவிடும், கைக்கணக்கு தவறும். அங்கே முப்பரிமாணக் கணக்கு இன்றியமையாதது. இதற்கு, பாகுத்தன்மை மாறுவதை மட்டும் கணக்கில் கொள்ளும் பேர்ட்-காரோ மாடல் போதும்.

ஊதலில் கவனம் தேவை. மீள்தன்மையற்ற, பாகுத்தன்மை மாறாத நியூட்டோனியன் திரவமே வட்ட டையிலிருந்து மெதுவாக வரும்போது சுமார் 13 சதவீதம் ஊதும். பாலிஎத்திலீன் போன்றவை அதைவிட மிக அதிகம் ஊதும். வெறும் பாகுத்தன்மை மாடலோ ஷியரில் (அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கும்போது) இளகும் மெல்ட்டுக்கு 13-க்கும் கீழே காட்டும். அதை வைத்துத் தலைகீழ்க் கணக்குப் போட்டால் திருத்தம் போதாமல் டை கெடும். கீசெகஸ் போன்ற மீள்தன்மை மாடல், பல மோடுகளுடன் (வெவ்வேறு தளர்வு நேரங்களுடன்), வேண்டும். நேராக முழு ஓட்ட அளவில் தொடங்கினால் கணக்கு பெரும்பாலும் ஒடிந்துவிடும். எவல்யூஷன் வசதியால் குறைந்த ஓட்டத்திலிருந்து படிப்படியாக ஏற்றுங்கள்.

தரவு சரியில்லாவிட்டால் எந்த மாடலும் உதவாது. கேபிலரி ரியோமீட்டர் (நுண்குழாய் வழியே தள்ளிப் பாகுத்தன்மையை அளக்கும் கருவி) அளவுகளில் பாக்லி (நுழைவு அழுத்த இழப்புக்கானது), ரபினோவிச் (உண்மையான ஷியர் வேகத்துக்கானது) திருத்தங்கள் செய்தாக வேண்டும். டைக்குள் வரும் ஷியர் வேகங்களை அவை முழுவதும் தழுவ வேண்டும். கடின பிவிசி சுவரில் வழுக்கும், அதைச் சேர்க்காவிட்டால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும்.

மெஷ் (கணக்குக்காக இடத்தைப் பிரிக்கும் கட்ட வலை) பாயும் திசையில் அடுக்கடுக்காக இருக்கட்டும், டை வாய் விளிம்பில் நெருக்கமாக இருக்கட்டும். லேண்டை மாறாத குறுக்குவெட்டாகவும் அதற்கு முந்தைய பகுதியை மாறிக்கொள்ளும் பகுதியாகவும் குறித்தால்தான் ஒயர்கட்டில் (கம்பியில் மின்பொறி பாய்ச்சி உலோகம் வெட்டும் இயந்திரம்) வெட்டக்கூடிய வடிவம் கிடைக்கும். டையிலிருந்து வரும் பொருளை இழுக்கும் வேகத்தையும் கொடுக்க மறக்காதீர்கள், அது இல்லாமல் வரும் வடிவம் உற்பத்தி லைனுக்குப் பொருந்தாது.

எளிய குழாயும் ஷீட்டும் மட்டும் செய்பவர்களுக்கு இவ்வளவு தேவையில்லை.