இரண்டு இக்னிஷன், ஒரு டாக்கோமீட்டர்: 400 மணி நேரத்துக்குப் பிறகு

நானே கட்டிய விமானம். நான்கு சிலிண்டர் இன்ஜினில் பொறி கொடுக்க இரண்டு இக்னிஷன்: இடப்பக்கம் மேக்னெட்டோ (உள்ளே சுழலும் காந்தத்தாலேயே மின்சாரம் உண்டாக்கிப் பொறி கொடுப்பது), வலப்பக்கம் எலெக்ட்ரானிக் இக்னிஷன். 400 மணி நேரம் பறப்பதற்குள், இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டரின் வயரிங்கை மூன்று முறை மாற்றிவிட்டேன்.

முதலில் மேக்னெட்டோவின் பி-லீடிலிருந்து (கிரவுண்ட் செய்து மேக்னெட்டோவை அணைக்கும் வயர்) மட்டும் சிக்னல் எடுத்தேன். பறக்கும்போது குறையே இல்லை. ஆனால் ரன்-அப்பில், அதாவது பறக்கும் முன் ஒவ்வொரு இக்னிஷனாக அணைத்துப் பார்க்கும் சோதனையில், மேக்னெட்டோவை அணைத்தால் பி-லீடு கிரவுண்ட் ஆகி, முள் பூஜ்யத்துக்கு விழுந்துவிடும். இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கத்தானே அந்தச் சோதனையே!

சரி, இரண்டையும் சேர்த்துவிடலாம் என்று ஆளுக்கொரு டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடுவது) போட்டு ஒரே இன்புட்டில் கொடுத்தேன். ரன்-அப்பில் முள் நடுங்கியது. கனெக்டர் லூஸ் என்று நினைத்து அதையே நோண்டிக்கொண்டிருந்தேன். முழு த்ராட்டிலில் மேலேறும்போது சரியாகக் காட்டியது. உயரத்துக்குப் போய் த்ராட்டிலைக் குறைத்ததும் முள் 3500-ஐத் தாண்டி ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. இன்ஜின் சத்தத்தில் துளி மாற்றமில்லை.

இறங்கி வந்து யோசித்த பிறகுதான் புரிந்தது. என் மேக்னெட்டோ எப்போதும் பிஸ்டன் உச்சிக்கு வர 25 டிகிரி இருக்கும்போதுதான் பொறி கொடுக்கும். எலெக்ட்ரானிக், மேனிஃபோல்டு அழுத்தம் (சிலிண்டருக்குப் போகும் காற்றின் அழுத்தம்; த்ராட்டிலைக் குறைத்தால் குறையும்) குறையக் குறைய முந்திக்கொள்ளும். 10 டிகிரி முந்தினால் 2400 ஆர்.பி.எம்.மில் இரண்டு துடிப்புக்கும் நடுவே சுமார் 0.7 மில்லி செகண்ட் இடைவெளி. மீட்டருக்கு அது போதும். சுற்றுக்கு 2 துடிப்பை 4 என்று எண்ணிவிடும்.

டயோடுகளைப் பிடுங்கிவிட்டு, எந்த இக்னிஷனின் சிக்னல் மீட்டருக்குப் போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்க ஒரு டாகிள் சுவிட்ச் வைத்தேன். வேலை செய்தது, ஆனால் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அடிக்கடி மறந்தேன். இந்த வழியில் போகிறவர்கள் பி-லீடிலிருந்து டாக்கோவுக்குப் பிரியும் வயரில் 30 கிலோ ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டரை மேக்னெட்டோ பக்கமாகவே போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் வயர் எங்காவது உரசி விமானத்தின் உலோகப் பாகத்தில் பட்டால் மேக்னெட்டோவே அணைந்துவிடும்.

இப்போது இருப்பது மேக்னெட்டோவின் காற்றுத் துளையில் திருகிய ஹால் சென்சார் (காந்தப்புலத்தை உணர்வது). அது பொறியை எண்ணுவதில்லை, உள்ளே சுழலும் காந்தத்தை எண்ணுகிறது. அதனால் எந்த இக்னிஷனை அணைத்தாலும் முள் விழுவதில்லை. மேக்னெட்டோவின் கியரே உடைந்தால் டாக்கோவும் போகும்; அன்றைக்கு எனக்கு வேறு கவலைகள் இருக்கும்.

குறை என்றால் சூடுதான். இன்ஜின் பக்கத்து கனெக்டர் ஒருமுறை விரிசல் விட்டு மாற்றினேன். அப்புறம், 500 மணி நேர சர்வீஸுக்கு மேக்னெட்டோவைக் கழற்றும்போது சென்சாரையும் கழற்றியாக வேண்டும். அதற்காகவே வயரை ஒரு சாண் கூடுதலாக விட்டுச் சுருட்டிக் கட்டி வைத்திருக்கிறேன்.