பேஸ் டென் பிளாக்ஸ் செட்: தசமத்துக்கு கண்ண மூடிட்டு வாங்கலாம், பின்னத்துக்கு மட்டும்னா யோசிங்க

0.6 பெருசா 0.45 பெருசான்னு கேட்டா கிளாஸ்ல பாதி பேர் 0.45க்கு தான் கை தூக்குவாங்க, 6ஐ விட 45 பெருசு, அவ்ளோதான் அவங்க கணக்கு. போர்டுல எழுதிக் காட்டினா தலைய தலைய ஆட்டிட்டு மறுநாள் திரும்ப அதையே எழுதுவாங்க. அதுக்காகவே தான் இந்த பிளாஸ்டிக் செட் வாங்கினேன்.

1 செ.மீ. குட்டி க்யூப், 10 க்யூப் நீளத்துக்கு குச்சி, 10 குச்சி சேர்ந்தா தட்டை, 10 தட்டை அடுக்கினா பெரிய க்யூப். ஹங்கேரியில பிறந்த கணித அறிஞர் ஸோல்டான் டீன்ஸ் பரப்பினதால டீன்ஸ் பிளாக்ஸ்னும் சொல்வாங்க.

தசமத்துக்கு தட்டைய 1ன்னு வச்சுக்கணும், அப்போ குச்சி 0.1, குட்டி 0.01. சின்ன கிளாஸ்ல இதே தட்டைய 100ன்னு படிச்சுட்டு வந்திருப்பாங்க, அதனால "இன்னிக்கு இதுதான் ஒண்ணு"ன்னு முதல்லயே அழுத்தி சொல்லிடணும், இல்லன்னா எல்லாம் குழம்பிடும். கூட வர்ற பேப்பர்ல இத பத்தி ஒரு வரி கூட இல்ல, இருந்திருக்கணும்.

ஒரு தட்டை மேல 6 குச்சி, இன்னொண்ணு மேல 4 குச்சியும் 5 குட்டியும் வைக்க சொன்னேன். "மிஸ், 0.45 பாதி கூட ரொம்பல!"ன்னு ஒரு பொண்ணு கத்தினா பாருங்க, நான் சொல்லிக் கொடுக்காத பாதி அது, அவளா பிடிச்சது. அடுத்து 0.3ம் 0.30ம் ஒண்ணான்னு கேட்டு, 3 குச்சிய 30 குட்டியா மாத்த விட்டேன். அந்த மாத்துற வேலைய நாம செஞ்சு காட்டவே கூடாது, அவங்க கையால தான் மாத்தணும், விஷயமே அதுல தான் இருக்கு.

பின்னத்துல 1/2, 1/4, 3/5 எல்லாம் அழகா உக்காருது. 1/8க்கு பெரிய க்யூப 1ன்னு வச்சா ஒரு தட்டை, 2 குச்சி, 5 குட்டி, அதாவது 0.125. ஆனா திரும்ப தட்டைய 1ன்னு வச்சு 1/3 எடுத்தா 33 33 33ன்னு பிரிச்சு ஒரு குட்டி மிஞ்சி நிக்கும், 0.333 ஏன் முடியாம போகுதுன்னு காட்ட அது நல்லா உதவும், 1/3 + 1/6 கூட்ட உதவாது. அதுக்கு அறுகோணம், முக்கோணம் எல்லாம் வர்ற பேட்டர்ன் பிளாக்ஸ் தான் சரி.

குறைன்னா குட்டி க்யூப் ரொம்ப கம்மி, நாலு குரூப் ஒரே நேரத்துல 0.30 வச்சாலே தீர்ந்துடுது. குட்டிய மட்டும் தனியா எக்ஸ்ட்ரா வாங்கிக்கோங்க, ஒண்ணோட ஒண்ணு மாட்டுற டைப் கிடைச்சா இன்னும் நல்லது, பெஞ்ச் ஆடினா கலையாது.