லிஃப்ட் கிட் போட்டால் பழைய ஷாக்கைக் கையில் கேட்டு வாங்குங்கள்

கோவையில் தார், ஜிம்னி மாதிரி ஜீப் வண்டிகளுக்கு, உயரத்தைக் கூட்டும் லிஃப்ட் கிட்டும் பெரிய டயரும் போட்டுத்தரும் கடைகள் நிறைய வந்துவிட்டன. நல்ல வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு வாய்த்த கடை வேறு மாதிரி. புது ஸ்பிரிங், புது ஷாக் (ஷாக் அப்சார்பர்) என்று வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் அனுப்பி, கிட்டுக்கு மட்டும் 78,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, கம்பெனி ஷாக்கின் தலையில் ஒரு அலுமினிய வட்டை வைத்து வண்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். டயரும் பழைய ஸ்டாக். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரைச் சொல்லவில்லை. செய்த வேலையை முழுதாகச் சொல்கிறேன், இதே வேலையை வேறு யாரும் உங்கள் வண்டியில் செய்துவிடக் கூடாது.

என்னுடையது 2020-இல் வந்த புது மாடல் தார், டீசல். தாண்டிக்குடிக்கு மேலே சொந்தக்காரர்களின் காபித் தோட்டம் இருக்கிறது. மழை பெய்தால் அந்தப் பாதையில் இரண்டு பக்கமும் டயர்த் தடம் பள்ளமாகி, நடுவில் மேடு நிற்கும். பின் ஆக்ஸிலின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரென்ஷியல் (இரண்டு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தியைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) அந்த மேட்டில் உரசும். அதைத் தவிர்க்கத்தான் கடைக்குப் போனேன், உரசும் இடத்தைப் போட்டோவிலும் காட்டினேன். “ரெண்டு இஞ்ச் ஏத்திட்டா கீழ எதுவுமே தட்டாதுங்க சார்” என்றார் கடைக்காரர்.

முதல் பொய் அதுதான். லிஃப்ட் கிட் தூக்குவது பாடியையும் ஃபிரேமையும். தாரின் பின்பக்கம் ஒரே துண்டு ஆக்ஸில். அது சக்கரத்தோடு சேர்ந்தே இருக்கிறது, மேலே எத்தனை இஞ்ச் ஏற்றினாலும் அது இருந்த இடத்தில்தான் இருக்கும். டிஃபரென்ஷியலைத் தரையிலிருந்து உயர்த்துவது டயர் மட்டும்தான், அதுவும் விட்டத்தில் கூடுகிற அளவில் பாதி. என் வண்டியின் கம்பெனி டயர் 255/65 ஆர் 18, விட்டம் சுமார் 789 மில்லிமீட்டர். அவர்கள் ரிம்மையும் மாற்றிப் போட்டது 285/70 ஆர் 17, சுமார் 831. வித்தியாசம் 42. ஆக, எனக்கு வேண்டிய இடத்தில் கிடைத்தது 21 மில்லிமீட்டர், ஒரு இஞ்ச்கூட இல்லை. ஃபிரேமுக்கும் பம்பருக்கும் கீழே இடம் கூடுவது லிஃப்ட்டின் பலன். பெரிய கல்லில் ஏறி இறங்குபவர்களுக்கு அது உதவும். என் தேவை அது இல்லை என்று போட்டோவைப் பார்த்த கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்காது.

வண்டியைக் கொடுக்கும்போது தரையிலிருந்து ஃபெண்டர் வளைவு (சக்கரத்துக்கு மேலே இருக்கும் பாடியின் விளிம்பு) வரை டேப் பிடித்து அளந்து காட்டினார்கள். கூடியிருந்த உயரத்தில் டயரின் 21 மில்லிமீட்டரும் சேர்ந்திருந்தது. சஸ்பென்ஷன் எவ்வளவு ஏறியது என்று பார்க்க சக்கரத்தின் நடு மையத்திலிருந்து ஃபெண்டர் வளைவு வரை அளக்க வேண்டும், வேலைக்கு முன்னும் பின்னும். அப்போதுதான் டயர் கணக்கில் வராது. பழைய ஷாக், ஸ்பிரிங் எங்கே என்று கேட்டேன். “ஸ்கிராப்புக்குப் போட்டுட்டோம் சார், அது யாருக்கு ஆகும்?” என்றார்கள். அதிகம் ஓடாத வண்டியின் ஒரிஜினல் ஷாக்கை விற்றால் நல்ல காசு கிடைக்கும். அதை எந்தக் கடையும் ஸ்கிராப்பில் போடாது.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போதே தெரிந்துவிட்டது. முன் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அடியில் ‘டங்’ என்று இரும்பு மோதும் சத்தம். கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் டயர் உள்ளே உரசியது. நேர் ரோட்டில் வண்டி இடது பக்கம் இழுத்தது. கடைக்குப் போன் போட்டால், “புது கிட்டு சார், செட்டாக வேண்டாமா? கொஞ்சம் ஓட்டுங்க” என்ற ஒரே பதில். ஓட்டிப் பார்த்தேன். முன் ரிம்மின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருந்தது.

வேறொரு பட்டறையில் வண்டியை லிஃப்ட்டில் ஏற்றினோம். அந்த மெக்கானிக் அண்ணன் பெட்ரோல் நனைத்த துணியால் முன் ஷாக்கை அழுத்தித் துடைத்தார். கறுப்புப் பெயிண்ட் துணியோடு வந்தது. அடியில் கம்பெனி ஸ்டிக்கர், பார்ட் நம்பரோடு. பக்கத்தில் பழைய சேறு பெயிண்டுக்குள்ளேயே காய்ந்து கிடந்தது. “பாருங்க தம்பி, சேத்து மேலயே ஸ்ப்ரே அடிச்சிருக்காங்க” என்றார். மேலே டார்ச் அடித்தால் ஷாக்கின் தலைக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் பளபளவென்று அலுமினிய ஸ்பேசர், ஒரு இஞ்ச் தடிமன். பின்பக்கம் ஸ்பிரிங்குக்கு அடியிலும் ஒரு கட்டை. பின் சக்கரத்தைத் தொங்கவிட்டபோது பிரேக் ஆயில் போகும் ஹோஸ் முறுக்கிய கயிறு மாதிரி விறைத்து நின்றது. நீளமான ஹோஸ் மாற்றவே இல்லை.

ஒரு இஞ்ச் ஸ்பேசர் எப்படி இரண்டு இஞ்ச் தூக்கும் என்று கேட்கலாம். தாரின் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன். ஷாக்கின் கால், சக்கரத்தை ஃபிரேமோடு இணைக்கும் கீழ் ஆர்மின் நடுவாக்கில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே ஒரு இஞ்ச் தள்ளினால் ஆர்மின் நுனியில் இருக்கும் சக்கரம் ஏறக்குறைய இரண்டு இஞ்ச் இறங்கும். பார்வைக்கு உயரம் வந்துவிடும். ஆனால் ஷாக் அதே பழைய ஷாக், அதன் நீளம் கூடவில்லை. சக்கரம் கம்பெனி கணக்கிட்ட எல்லையைத் தாண்டிக் கீழே போகிறது. ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டும், சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டின் சி.வி. ஜாயின்ட்டும் தாங்க முடியாத கோணத்துக்கு மடிகின்றன, மேல் ஆர்ம் மோதுகிறது. அந்த ‘டங்’ அதுதான். ரிம்மில் தெறித்த கிரீஸ், கிழிந்த சி.வி. பூட்டிலிருந்து (அந்த ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறை) வந்தது. மலை ரோட்டில் பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். குடும்பத்தோடு போகிற வண்டியில் இதைச் செய்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் கோபம் அடங்கவில்லை.

அடுத்து டயர். தயாரித்த தேதி நான்கு இலக்கத்தில் பக்கவாட்டில் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் வருடத்தையும் காட்டும். பல டயர்களில் இந்த எண் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். என் வண்டியில் நான்கு டயரையும் அந்தப் பக்கம் உள்ளே போகும்படி மாட்டியிருந்தார்கள். அடியில் நின்று பார்த்தால் 2219, அதாவது 2019-இன் 22-வது வாரம். பாலிஷ் போட்டு மினுக்கியதால் வெளியே புதுசு மாதிரி இருந்தது. உரசலை மறைக்க வீல் ஆர்ச்சின் உள் பிளாஸ்டிக்கைப் பிளேடால் அறுத்திருந்தார்கள், அதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மீட்டரைப் புது டயருக்கு ஏற்ப மாற்றிவிட்டதாகச் சொன்னதும் பொய். மீட்டர் 80 காட்டும்போது ஜி.பி.எஸ். 84 காட்டுகிறது.

“ஆர்.டி.ஓ. பிரச்சினையே வராது” என்பதும் எல்லாக் கடையிலும் சொல்லப்படுவது. வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவையும், ஆர்.சி.யில் உள்ள கம்பெனி விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் அவர்கள் பேச்சே எடுப்பதில்லை. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ வண்டியின் உரிமையாளருக்குத்தான். மாட்டிய கடைக்காரர் ரோட்டில் உங்களோடு நிற்க மாட்டார். விபத்து என்றால் இன்சூரன்ஸ் கம்பெனியும் இதைத்தான் முதலில் பிடிக்கும்.

பில்லில் ‘சஸ்பென்ஷன் ஒர்க்’ என்று ஒரே வரி, ஜி.எஸ்.டி. எண் கிடையாது. இப்படி பில் எழுதும் கடையில் காசு கொடுக்காதீர்கள். ஸ்பிரிங், ஷாக் ஒவ்வொன்றின் பார்ட் நம்பரும் பில்லில் வர வேண்டும். பெட்டியை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள், டயரை ரிம்மில் ஏற்றும் முன் தேதியைப் பாருங்கள். கழற்றிய பழைய ஷாக், ஸ்பிரிங் எல்லாம் உங்கள் வண்டியின் பின்னால் ஏறின பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். புதுசு உண்மையாகவே மாட்டியிருந்தால் பழசு எங்கேயாவது இருந்தாக வேண்டும் அல்லவா?

ஸ்பேசரைக் கழற்றி, பூட்டும் ஹோஸும் மாற்றி, பழைய ரிம்மிலேயே கம்பெனி அளவு டயர் போட்டு வண்டியை ஆர்.சி.யில் உள்ளபடி ஆக்கிவிட்டேன். தோட்டத்துப் பாதையின் நடுமேட்டை ஆள் விட்டு வெட்டிச் சரிசெய்தோம், உரசல் நின்றது. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவையும் தயார் செய்திருக்கிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும். துடைத்த ஷாக்கின் வீடியோ, தேதி தெரியும் டயர் போட்டோ, கொட்டேஷன், அந்த அலுமினிய வட்டுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. வீடியோவை அனுப்பிய அன்று சாயங்காலமே கடைக்காரர் கூப்பிட்டு, பாதிப் பணம் தருகிறேன், யாரிடமும் சொல்லாதீர்கள் என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன்.