மீன் தொட்டி சர்வீஸ் என்று வருபவர்களிடம் கவனமாக இருங்கள் (வேலூர், காட்பாடி)

போன மே மாதம் என் தொட்டியில் 11 மீன்கள் செத்துப்போயின. நோயும் இல்லை, தீனியிலும் குறை இல்லை. கேனிஸ்டர் பில்டரை (தொட்டிக்கு வெளியே வைத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் மூடிய டப்பா) சர்வீஸ் செய்ய வந்தவர் செய்த வேலை அது. சத்துவாச்சாரி பக்கம் இன்னும் சில வீடுகளுக்கு அவர் போய்வருவதாகக் கேள்விப்பட்டேன், அதனால்தான் எழுதுகிறேன்.

4 அடி தொட்டி, சுமார் 200 லிட்டர். ஏஞ்சல் 6, பிளாக் விடோ டெட்ரா ஒரு கூட்டம். இரண்டு வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை. பில்டரில் தண்ணீர் வரத்து குறைந்தது, எனக்கோ முதுகுவலி, அதனால் மீன் கடை ஒன்றில் சொல்லி ஆள் வரவழைத்தேன்.

அவர் பின்கட்டுக் குழாயடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்துப்போட்டார். பில்டருக்குள் போடும் செராமிக் ரிங் (பீங்கான் வளையங்கள்) மேல் காப்பி நிறத்தில் வழவழவென்று படிந்திருந்தது. "எவ்ளோ அழுக்கு பாருங்கக்கா, இதுல மீன் எப்படி உயிரோட இருக்கும்?" என்றார். அந்தப் படிவால்தான் அவை உயிரோடு இருந்தன என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஸ்பான்ஜை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கசக்கி, குளோரின் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீரில் அலசினார். ரிங் வீணாகிவிட்டது என்று சொல்லிப் புதுசு போட்டு, பழையதைப் பையில் கட்டி எடுத்துக்கொண்டு போனார். மொத்தம் 1,500 ரூபாய். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, நானும் சந்தோஷப்பட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் பெரிய ஏஞ்சல் தண்ணீர் விழும் இடத்தில் தலையைத் தூக்கி நின்றது. செவுள் படபடவென்று அடித்துக்கொள்கிறது, ஓரமெல்லாம் சிவப்பு. போன் செய்தேன். வந்து பார்த்துவிட்டு பங்கஸ் என்று சொல்லி நீல மருந்தை ஊற்றி 350 ரூபாய் வாங்கிக்கொண்டார். மறுநாள் விடிவதற்குள் நாலு போய்விட்டது.

காட்பாடியில் மீன் வளர்க்கும் தம்பி ஒருவர் டெஸ்ட் கிட்டோடு வந்தார். சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்துச் சொட்டு விட்டார். மஞ்சளாக இருக்க வேண்டியது கரும்பச்சையாக மாறியது. அம்மோனியா.

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றுகிறது, இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. முதல் இரண்டும் விஷம், நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை. இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பதைவிட ரிங்கிலும் ஸ்பான்ஜிலும் ஒட்டித்தான் அதிகம் வாழும். அதைத்தான் அவர் ஒரே நாளில் அழித்துவிட்டார். மீதி இருந்ததையும் நீல மருந்து பாதித்திருக்கும். மறுபடி முழுசாக வளர 4 முதல் 6 வாரம் ஆகும். பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) கூடக்கூட, தண்ணீர் சூடேற ஏற, அம்மோனியாவின் விஷம் அதிகம். நம் ஊர் வெயிலையும் போர் தண்ணீரையும் நினைத்துப் பாருங்கள்.

அந்தத் தம்பி தன் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த ஸ்பான்ஜில் பாதியை வெட்டிக் கொடுத்தார். ஆன்டி குளோரின் போட்ட தண்ணீரைத் தினமும் கால் பங்கு மாற்றினேன், தீனியை நிறுத்தினேன், காற்று மோட்டாரை இரவு பகலாக ஓடவிட்டேன். இருந்தும் அந்த வாரத்துக்குள் இன்னும் ஏழு போயின. இரண்டு ஏஞ்சலும் சில டெட்ராவும்தான் மிஞ்சின.

இப்போது நானேதான் சுத்தம் செய்கிறேன். தொட்டித் தண்ணீரையே ஒரு பக்கெட்டில் பிடித்து, அதில் ஸ்பான்ஜை நாலு தடவை பிழிவேன். ரிங்கைக் கூடையோடு முக்கி எடுத்தால் போதும், காப்பி நிறம் அப்படியே இருக்கட்டும். பில்டர் பிளாஸ் (தூசியைப் பிடிக்கும் பஞ்சு) மட்டும் புதுசு. இம்பெல்லரையும் (மோட்டாரில் சுழலும் சின்ன விசிறி) குழாய்களையும் எவ்வளவு வேண்டுமானாலும் தேய்க்கலாம். அரை மணி நேரத்துக்குள் மோட்டாரைப் போட்டுவிடுவேன், மூடிய டப்பாவில் தண்ணீர் நின்றால் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகும்.

ரிங் மாற்றச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், வருடக்கணக்கில் உழைக்கும். ஏற்கெனவே மாற்றியிருந்தால் பழையதைக் கொடுத்தனுப்பாதீர்கள். உடனே ஒரு வலைப்பையில் போட்டுத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிடுங்கள்.